வெண்டர் மேனேஜ்மென்ட் சீனியர் பதவிக்கான நேர்காணலில் என்னதான் கேட்பார்கள்?

நீங்கள் கேட்டது இதுதான். ஓசூரில் பதின்மூன்று வருடம் சப்ளையர் குவாலிட்டியில், அதாவது வெளியிலிருந்து உதிரிபாகம் கொடுக்கும் வெண்டர்களின் தரத்தைப் பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறீர்கள். ஓரகடத்தில் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வெண்டர் மேனேஜ்மென்ட் சீனியர் மேனேஜர் பதவிக்கு அழைப்பு வந்திருக்கிறது. போன மாதம் வேறொரு இடத்தில் இதே மாதிரி பதவிக்குப் போய், "ஒரு வெண்டரை நீங்கள் நிறுத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்ற கேள்வியில் பதில் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறீர்கள். என்ன கேள்விகள் வரும், எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்ததில், உள்ளே இருக்கும் கவலை வேறு என்று தோன்றியது. தரத்தைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய ஒருவர், ரேட், பேமெண்ட், ஒப்பந்தம் எல்லாம் கையாளும் நாற்காலிக்குத் தகுதியானவர் என்று எதிரே இருப்பவர்களை எப்படி நம்ப வைப்பது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் இருபத்தொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பர்சேஸ் இன்ஜினியராக ஆரம்பித்து, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று மாறி வந்தவன். சீனியர் பதவிகளுக்காக ஏழு நேர்காணலுக்குப் போயிருக்கிறேன். மூன்றில் வேலை கிடைத்தது. கடந்த எட்டு வருடமாக மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். என் அனுபவம் முழுக்க வாகன உதிரிபாகத் துறை. ஐ.டி. நிறுவனங்களில் இதே பெயரில் இருக்கும் வேலை வேறு மாதிரியானது. அங்கே ஒப்பந்த ஷரத்தும் சேவைத் தரமும்தான் பெரிதாக இருக்கும். அதற்கு இந்தப் பதில் முழுமையாகப் பொருந்தாது.

ரவுண்டுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதலில் ஹெச்ஆர் போனில் பேசுவார்கள். சம்பளம், நோட்டீஸ் பீரியட், ஏன் மாறுகிறீர்கள் என்பதோடு முடிந்துவிடும். அப்புறம் துறைத் தலைவர். அதற்கடுத்து ஃபைனான்ஸ், குவாலிட்டி, உற்பத்தி ஆட்கள் சேர்ந்து உட்காரும் பேனல். கடைசியில் ப்ளாண்ட் ஹெட் அல்லது எம்.டி. தாய் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் காணொளியில் இன்னொரு ரவுண்டு. நான் பார்த்தவரை, முடிவு உண்மையில் எடுக்கப்படுவது அந்தக் கூட்டுப் பேனலில்தான். துறைத் தலைவருக்குப் பிடித்துப்போன ஆளைக்கூட ஃபைனான்ஸ் தலைவர் ஒரே கேள்வியில் நிறுத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கே அது நடந்தது. பத்து வருடத்துக்கு முன்னால், இதே போன்ற பதவிக்கு. "போன வருஷம் எவ்வளவு சேமித்தீர்கள்?" என்று கேட்டார்கள். 4.2 கோடி என்றேன். 96 கோடி கொள்முதலில் அது நல்ல எண். துறைத் தலைவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த ஃபைனான்ஸ் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதில் அலுமினியம் விலை இறங்கியதால் தானாக வந்தது எவ்வளவு? நீங்கள் கொண்டுவந்தது எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் பிரித்த கணக்கு இல்லை. சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது, 2.6 கோடி மூலப்பொருள் விலைக் குறியீட்டால் வந்தது, சுமார் 60 லட்சம், ஆர்டர் அளவு கூடியதால் கிடைத்த ஸ்லாப் ரேட்டால் (அதிகம் வாங்கினால் குறையும் ரேட்) வந்தது, மீதி ஒரு கோடிதான் நானும் என் குழுவும் உழைத்துக் கொண்டுவந்தது. அந்த ஒரு கோடியைச் சரியாகச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். ஏனென்றால் இப்போது நான் அந்த இடத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறேன். "ஒரு கோடி, அது இந்த ஐந்து பார்ட்டில், இப்படி வந்தது" என்று சொல்பவரைத்தான் எடுக்கிறேன்.

அதனால் முதல் வேலை, உங்கள் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கீழ் எத்தனை வெண்டர், அவர்களிடம் வருடத்துக்கு எத்தனை கோடி கொள்முதல், அதில் ஒரே இடத்திலிருந்து மட்டும் வரும் பார்ட்கள் எத்தனை, வார்ப்பு எவ்வளவு, பிரஸ் பார்ட் (தகட்டை அழுத்திச் செய்தது) எவ்வளவு, டர்ன் பார்ட் (லேத்தில் கடைந்தது) எவ்வளவு. குவாலிட்டியில் இருப்பவருக்குக் கொள்முதல் மதிப்பு தெரியாது என்றே பேனல் நினைத்திருக்கும். நீங்கள் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போதைய நிறுவனத்தின் ரகசிய ரேட்டுகளை மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள். மொத்தத் தொகை, சதவீதம் போதும். ரேட்டைக் கொட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதையும் வெளியே கொட்டுவார் என்று பேனல் உடனே கணக்குப் போட்டுவிடும்.

அடுத்தது காஸ்டிங், அதாவது ஒரு பார்ட்டுக்கு விலைக் கணக்குப் போடுவது. பல இடங்களில் நிஜமாகவே ஒரு பார்ட்டை மேசையில் வைத்து, காகிதமும் கால்குலேட்டரும் கொடுத்து, இருபது நிமிடத்தில் விலை போடச் சொல்வார்கள். நான் ஆள் எடுக்கும்போது வைப்பது ஒரு அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்த்த பார்ட். வெண்டர் கேட்கும் விலை 340 ரூபாய் என்று சொல்லிவிடுவேன். எண்கள் வசதிக்காக வைத்துக்கொண்டவை. வழியை மட்டும் பாருங்கள். பார்ட் எடை 800 கிராம், உருக்கும்போது சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 840 கிராம், கிலோ 220 என்றால் உலோகம் மட்டும் 184 ரூபாய் 80 பைசா. 400 டன் மெஷின், மணிக்கு 1,800 ரூபாய், ஒரு ஷாட் (ஒரு முறை வார்ப்பது) 60 விநாடி, 85 சதவீதத் திறன் என்றால் மணிக்கு 51 பார்ட். பார்ட்டுக்கு 35 ரூபாய் சொச்சம். ஓரம் வெட்டும் ட்ரிம்மிங்கும் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்ட்டும் 12. மெஷினிங் 26. மொத்தம் 258. ரிஜெக்‌ஷனுக்கு 3 சதவீதம், மேல்செலவும் லாபமும் 12 சதவீதம், பேக்கிங்கும் வண்டியும் 8 ரூபாய். 306 பக்கத்தில் வந்து நிற்கும். 34 ரூபாய் இடைவெளி.

இதுவரை நிறைய பேர் வந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் ஆள் யார் என்று தெரியும். "34 ரூபாய் குறைக்கச் சொல்வேன்" என்று முடிப்பவர் ஜூனியர். "இந்த 34 எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்; உங்கள் வெண்டர் எத்தனை டன் மெஷினில் ஓட்டுகிறார்?" என்று திருப்பிக் கேட்பவர் சீனியர். அவரிடம் 400 டன் மெஷின் காலியாக இல்லாமல் 600 டன்னில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். மணிக்கு 2,700 ரூபாய் ஆகிவிட்டால் இடைவெளியில் பாதிக்கு மேல் அங்கேயே கணக்கு வந்துவிடுகிறது. அது வெண்டரின் பேராசை இல்லை, நம்முடைய ஷெட்யூல் கோளாறாகக்கூட இருக்கலாம். நிரந்தரமாக 400 டன்னில் இடம் ஒதுக்கினால் ஆறு மாதத்துக்கு நிலையான ஷெட்யூல் தருகிறேன் என்று பேசினால் இருவருக்கும் லாபம். குவாலிட்டி ஆட்களுக்கு இது கைவந்த கலை. பட்டறைத் தரையில் நின்று, எந்த பார்ட் எந்த மெஷினில் ஓடுகிறது என்று நீங்கள்தான் தினமும் பார்த்திருப்பீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து கொட்டேஷன் ஒப்பிட்டே வளர்ந்த பர்சேஸ்காரருக்கு அந்தக் கண் இருக்காது. உங்கள் பின்னணியைக் குறையாக நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

ஆனால் அந்தப் பின்னணியைக் காசு மொழிக்கு மாற்றத் தெரிய வேண்டும். "1,500 பிபிஎம்மை 200-க்குக் கொண்டுவந்தேன்" (பிபிஎம் என்றால் பத்து லட்சம் பார்ட்டில் எத்தனை பழுது) என்று சொன்னால் குவாலிட்டி தலைவர் மட்டும்தான் சந்தோஷப்படுவார். மாதம் 40,000 பார்ட் வருகிற இடத்தில் 60 ரிஜெக்‌ஷன் 8 ஆனது என்பதுதான் அதன் பொருள். 52 பார்ட்டின் விலை பெரிய தொகை இல்லை. அந்த 60-க்காக உள்ளே வரும் 40,000-ஐயும் பிரித்துப் பார்க்க ஆறு பேரை வைத்திருந்தோமே, ஆளுக்கு ஒரு நாளைக்கு 700, மாதம் 26 வேலை நாள் என்றால் 1 லட்சத்து 9 ஆயிரம், அது நின்றது. அந்த இடம் காலியானது. இரண்டு முறை லைன் நிற்கவிருந்தது, நிற்கவில்லை. இப்படிச் சொன்னால் மூன்று தலைவர்களும் ஒரே நேரத்தில் குறிப்பெழுதுவார்கள்.

மூன்றாவதாக, கிட்டத்தட்ட நிச்சயமாக ஒரு நெருக்கடிக் கேள்வி வரும். என்னிடம் கேட்டது இது: "வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. உங்கள் போல்ட்டுகளுக்கு முலாம் போடும் வெண்டரின் கடையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடிவிட்டது. இரண்டு நாள் ஸ்டாக் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" பதற்றத்தில் எல்லோரும் "வேறு வெண்டரைப் பிடிப்பேன்" என்று ஆரம்பிப்பார்கள். அங்கேதான் சறுக்கல். புது இடத்தில் முலாம் போட்டால் உப்புநீர்த் தெளிப்புச் சோதனை வேண்டும். 240 மணி நேரம் என்று டிராயிங்கில் இருந்தால் அது பத்து நாள்; யார் கத்தினாலும் ஒன்பது நாளில் முடியாது. அதிக வலிமையுள்ள போல்ட் என்றால், முலாமுக்குப் பிறகு ஹைட்ரஜன் புகுந்து உடையாமல் இருக்கச் சூடேற்றி வைக்க வேண்டும். அதற்கான அடுப்பு அந்தப் புது இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் ஸ்டாக், பத்து நாள் சோதனை. இந்த இடைவெளியை எப்படிக் கடப்பீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் சொன்ன பதில் இப்படிப் போனது. முதல் அரை மணி நேரம் எண்ணிக்கை: நம் ஸ்டோரில், லைனில், வண்டியில், மூடிய கடைக்குள் முடிந்த நிலையில் என்று நான்கு இடத்திலும் பார்ட் வாரியாக எண்ண வேண்டும். இரண்டு நாள் என்பது சராசரி. ஏதோ ஒரு போல்ட் நாளைக் காலையே தீர்ந்துவிடும். எது முதலில் நிற்கும் என்று தெரிந்த உடனே வாடிக்கையாளருக்கு நானே போன் செய்வேன். மற்றவர் வாயிலாக அவர்களுக்குத் தெரியக்கூடாது. அப்புறம், இதே வாடிக்கையாளர் வேறு பார்ட்டுக்கு ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருக்கும் முலாம் கடை எது என்று தேடி, தற்காலிக விலக்கு ஒப்புதல் கேட்பேன். சோதனை ஒருபக்கம் ஓட, அந்த லாட் தனி அடையாளத்தோடு போகும். அதே நேரம் மூடிய வெண்டரிடம் ஒரு ஆளை அனுப்பி, திரும்பத் திறக்க என்ன தேவை, நிஜமாக எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குவேன். சொல்லி முடித்ததும் ப்ளாண்ட் ஹெட் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவருடைய வாரிய இசைவாணை எப்போது காலாவதி ஆகிறது என்று உங்களுக்கு ஏன் தெரியவில்லை?" அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "எங்கள் ஆடிட் தாளில் அந்த வரி இல்லை, இருந்திருக்க வேண்டும்" என்றேன். அது அன்றைக்கு உண்மை. இன்று என் ஆடிட் தாளின் முதல் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கிறது.

இந்த மாதிரிக் கேள்வியில் பழைய சம்பவம் ஒன்றைத் தொட்டுப் பேசுவது உதவும், அளவோடு என்றால். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் காரியாவில் ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக்கில் போகும் சிறிய பி-வால்வு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையில் இருந்த ஸ்டாக் மிகக் கொஞ்சம். டொயோட்டாவின் ஆலைகள் வரிசையாக நின்றன. ஆனால் சில நாட்களிலேயே, அந்த வால்வைச் செய்தே பழகாத வெண்டர்கள்கூட டிராயிங்கை வாங்கிச் செய்து கொடுத்ததால் உற்பத்தி மீண்டது. ஒரே ஆதாரத்தின் ஆபத்தும், வெண்டர்களோடு வருடக்கணக்கில் சேர்த்துவைத்த உறவின் பலனும் ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. 2011 ஜப்பான் நிலநடுக்கம், அதே ஆண்டு தாய்லாந்து வெள்ளம், 2021 மார்ச்சில் ரெனிசாஸ் சிப் ஆலைத் தீ, நம்மூரில் 2015 டிசம்பர் வெள்ளம் எல்லாம் பேச்சில் வரலாம். ஆனால் பெயர்களை அடுக்கிவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை. "அதனால் என் கீழ் இருக்கும் ஒற்றை ஆதாரப் பார்ட்களில் இந்த மூன்றுக்கு மாற்று ஏற்பாடு செய்தேன்" என்று உங்களிடம் வந்து முடிய வேண்டும்.

இப்போது நீங்கள் தடுமாறிய கேள்வி. ஒரு வெண்டரை நிறுத்தியது. இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீனியர் பதவியில் கடினமான வேலை அதுதான்; அதை எப்படிச் செய்தார் என்பதில் ஆளின் துணிவு, கணக்கு, மனிதத்தன்மை மூன்றும் தெரிந்துவிடும். எனக்கு இப்போதைய வேலை கிடைத்தது இந்தக் கேள்விக்கான பதிலால் என்று என்னை எடுத்தவரே பிறகு சொன்னார். அதனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

பதினான்கு வருடமாக எங்களுக்கு பிரஸ் பார்ட் கொடுத்துவந்த ஒருவர். அப்பா ஆரம்பித்த பட்டறை, மகன் நடத்தினார். எங்களுடைய பதினொரு டூல் (பார்ட் அழுத்தும் அச்சுகள்) அவர் ஷெட்டில் இருந்தன. டெலிவரி தட்ட ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன். ரேக்கில் ஷீட் ஒருநாள் வேலைக்குத்தான் இருந்தது. முன்பெல்லாம் பத்து நாளைக்கு இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருந்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தான், அளவுக் கருவிகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. பில்லை முன்கூட்டிப் பாஸ் செய்யச் சொல்லி வாரம் ஒருமுறை போன் வந்தது. பட்டறையில் பணம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். அன்றைக்கே முடிவெடுத்திருக்க வேண்டும். நான் நான்கு மாதம் பொறுத்தேன். அந்த நான்கு மாதத்தில் அவசர வண்டிக்கு மட்டும் 11 லட்சம் போனது.

அப்புறம் செய்ததை வரிசையாகச் செய்தேன். முதலில் பதினொரு டூலுக்கும் புகைப்படம், அடையாளத் தகடு, அவர் கையெழுத்திட்ட பட்டியல். இருபது நாள் ஸ்டாக்கை அவரிடமே ஓட்டிச் சேர்த்தேன். அதற்கான ஷீட்டை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். இரண்டு டூலை முதலில் புது இடத்துக்கு மாற்றி, பிபிஏபி (பார்ட் சரியாக வருகிறது என்று காட்டும் மாதிரியும் ஆவணங்களும்) முடித்து, வாடிக்கையாளர் ஒப்புதல் வந்த பிறகுதான் மற்றவை. இதற்கு நடுவில், வதந்தியாகக் காதில் விழும் முன்னால், நானே பட்டறைக்குப் போய் அவரிடம் நேராகச் சொன்னேன். மெயில் அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், டூலை எடுத்துட்டுப் போங்க. பிரஸ்ல நாலு பேர் இருக்காங்க, புது இடத்துல ஒரு வார்த்தை சொல்லி விடுறீங்களா?" என்றார். சொன்னேன்; இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அவருடைய கடைசி பில் வரை முப்பது நாளில் செட்டில் செய்தோம். பதினொரு டூலும் தகராறில்லாமல் வெளியே வந்தன. இதே மாதிரிச் சூழலில் மெயில் மட்டும் அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்ட வெண்டரிடமிருந்து டை வாங்க ஆறு வாரம் அலைந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

பேனலில் இதைச் சொன்னபோது, "நாலு மாசம் ஏன் பொறுத்தீங்க?" என்று கேட்டார்கள். மாற்று ஆதாரம் தயாராக இல்லை, பழைய உறவை உடைக்கத் தயங்கினேன், இரண்டும் என் தவறு என்றேன். அந்த 11 லட்சத்தை நானாகவே சொல்லியிருந்தேன். தன் முடிவின் விலையைத் தானே சொல்லும் ஆளைத்தான் சீனியர் என்று கருதுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்கு இந்த மாதிரி முழுக் கதை இல்லாமல் இருக்கலாம். சப்ளையர் குவாலிட்டியில் நிறுத்தும் கையெழுத்து உங்களுடையது இல்லை. ஆனால் ஒரு வெண்டருக்குப் புது பிசினஸ் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் சிக்யூஐ 9 (அந்த வேலைக்கென்றே வாகனத் துறையில் உள்ள தணிக்கை முறை) ஆடிட் போய், ஃபர்னஸ் வெப்பநிலைப் பதிவைப் பார்த்து லாட்டை நிறுத்தியிருப்பீர்கள். பர்சேஸ் "போகட்டும்" என்று சொன்னபோது நீங்கள் "முடியாது" என்று நின்ற ஒரு நாள் கட்டாயம் இருக்கும். அதுவும் முடிவுதான். அதை எடுத்து, என்ன பார்த்தீர்கள், எதிர்த்தவர் யார், என்ன செலவானது, வெண்டரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். "நாங்கள் செய்தோம்" என்று பேசாதீர்கள். பேனலில் இருப்பவன் காதில் அந்த "நாங்கள்" விழுந்துகொண்டே இருந்தால், இவர் கூட்டத்தில் ஒருவராக இருந்தார், முடிவு வேறு யாருடையதோ என்றுதான் தோன்றும்.

வெண்டர்களைப் பற்றிப் பேசும் தொனியும் கவனிக்கப்படும். "அவனைக் கூப்பிட்டு ஒரு காய்ச்சு காய்ச்சினேன்" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை நான் அதற்காகவே எடுக்கவில்லை. பத்துப் பேர் வைத்துப் பட்டறை நடத்துகிறவரிடம் கத்துவது எளிது. அவர் மெஷினில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை.

சட்டம் பக்கம் கொஞ்சம் படித்துப் போங்கள். ஃபைனான்ஸ் தலைவர் இதை விடமாட்டார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. அதற்கு மேல், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்து, எல்லோரும் 43பி(எச்) என்று சொல்லும் வருமான வரி விதி: குறு, சிறு வெண்டருக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த இரண்டும் இல்லை. இங்கேதான் ஒரு நுணுக்கம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்தன. சிறு நிறுவனத்துக்கான வியாபார வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியாகவும், முதலீட்டு வரம்பு 10 கோடியிலிருந்து 25 கோடியாகவும் ஆனது. நேற்று வரை நடுத்தரமாக இருந்த வெண்டர்கள் பலர் இன்று சிறு நிறுவனம். 60 நாள், 90 நாள் என்று பேசி வைத்திருந்த பேமெண்ட் அவர்களுக்குப் பொருந்தாது. "என் வெண்டர் பட்டியலில் யாருடைய உத்யம் பதிவில் நிறுவன வகை மாறியது என்று பார்த்தேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும், உங்களைக் குவாலிட்டிக்காரர் என்று அவர் அப்புறம் நினைக்கமாட்டார்.

ஜாப் ஒர்க் (நம் பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) பற்றியும் ஒரு கேள்வி வரலாம். ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், மெஷின் மாதிரி மூலதனப் பொருள் மூன்று வருடத்துக்குள். அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் இவற்றுக்கு அந்த மூன்று வருடக் கெடு கிடையாது. அதனால்தான் நம் டூல் வெண்டரிடம் பத்து வருடம் கிடக்க முடிகிறது. அதனாலேயே டூல் பட்டியல் நம்மிடம் ஒழுங்காக இருக்க வேண்டியிருக்கிறது.

நேர்மை பற்றிய கேள்வி நேராக வராது. "உங்கள் சொந்தக்காரர் கொட்டேஷன் போட்டால்?", "தீபாவளிக்கு வெண்டர் வீட்டுக்குப் பெட்டி அனுப்பினால்?" என்று வரும். ஸ்வீட் பெட்டியை ரிசப்ஷனில் பதிவு செய்து டிபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் பிரித்தேன், அதற்கு மேல் வந்ததைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினேன் என்று நடந்ததைச் சொல்லுங்கள். "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்ற வசனம் வேண்டாம்.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. மற்றவை இடத்துக்கு இடம் மாறும். வாங்கும் பொருட்களை லாபத்தின் மீதான தாக்கம், சப்ளை ஆபத்து இரண்டையும் வைத்துப் பிரிக்க 1983-இல் பீட்டர் கிரால்ஜிக் வகுத்த நான்கு கட்டப் பிரிவை வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கலாம். உள்ளூர் நிறுவனத்தில் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை) ஆடிட்டர் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் நல்லது, அதற்காகவே புதிதாகப் பணம் கட்ட வேண்டாம். பர்சேஸிலிருந்து வராதவரை எடுக்கவே மாட்டோம் என்று முன்கூட்டியே முடிவு செய்த இடங்களும் உண்டு. போன மாதம் உங்களுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. சம்பளத்தில் எவ்வளவு உயர்வு கேட்கலாம் என்பதற்கும் என்னிடம் பொதுவான பதில் கிடையாது.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? வெண்டர் பேமெண்ட்டை ஃபைனான்ஸ் நிறுத்தி வைத்தால் அதை விடுவிக்கும் அதிகாரம் இந்தப் பதவிக்கு உண்டா? வெண்டர் குவாலிட்டி குழு எனக்குக் கீழா, வேறு தலைவருக்குக் கீழா? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், உள்ளே போனபின் உங்கள் பாதி நாள் பேமெண்ட்டுக்காக மன்னிப்புக் கேட்பதிலேயே போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு இடத்தில் அப்படித்தான் போனது, ஒன்றரை வருடம்.

நேர்காணலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு ஒரு நோட்டை எடுத்து உங்கள் வெண்டர்களில் மூவரை மட்டும் எழுதுங்கள். நீங்கள் தூக்கிவிட்ட ஒருவர், நீங்கள் நிறுத்தச் சொன்ன ஒருவர், நீங்கள் தவறாகக் கணித்த ஒருவர். ஒவ்வொன்றுக்கும் தேதி, எண், யார் என்ன சொன்னார்கள், செலவு. மூன்றாவதை எழுதத்தான் நேரம் பிடிக்கும். எழுதி முடித்து, பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போட்டால் படித்துப் பார்த்து, பேனலில் நான் இருந்தால் எங்கே குறுக்கே கேள்வி கேட்பேன் என்று சொல்கிறேன்.